உன் இடம் வெளியாளுக்குப் போகக்கூடாதாம்

என் தலையில் குட்டிக் குட்டியே என்னை வளர்த்த வதனி அக்காவுக்கு,

நீ வேலை செய்த அந்தச் சாப்பாட்டுக்கடைதான் உன்னைக் கொன்றது. நாங்கள் குடும்பமாக அதே கடைக்குப் போய், வயிறு நிறையச் சாப்பிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா என்னிடம் கேட்டது வேறு. வருகிற மாதம் உன் ஆட்டைத் திவசம், நீ போய் ஒரு வருடம். நினைவுமலர் அடிக்கப்போகிறார்கள். "தம்பி, ஒரு பக்கம் எழுதித் தா. குணத்தைப் பற்றி எழுது. சிரிச்ச முகம், பொறுமை, அப்பிடி" என்றார். உனக்குப் பொறுமையா? பாத்றூம் கதவை நான் ஒரு நிமிடம் கூடப் பூட்டி வைத்திருந்தால் காலால் உதைப்பவள் நீ. அப்பா யாருக்கு மலர் அடிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்தக் கடிதம் மலருக்குப் போகாது. இந்த டென்மார்க்கில், இஷொயில் இருக்கிற எங்கள் சனம் எல்லாரும் வாசிக்கிற முகநூல் பக்கத்தில் இதைப் போடப்போகிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. அது போகவேண்டிய இடத்துக்குத் தனியாகப் போகும். உனக்கு எழுதுகிறேன், ஆனால் அவர்களும் கேட்கட்டும்.

போன மாரி காலத்தை நினைத்துப் பார். வேலையால் வந்து, கம்பளித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் குசினி மேசையில் தலையைப் போட்டுக்கொண்டு கிடப்பாய். "தலைக்குள்ள இருந்து ஆரோ கோவா வெட்டுறாங்களடா" என்பாய். நாள் முழுக்க நீ கடைக் குசினியில் அந்த முட்டைக்கோசைத்தான் வெட்டுகிறவள், அதனால் நாங்கள் சிரித்தோம். டாக்குத்தர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார், நேரத்துக்குப் படுக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்குத் தலையிடி இருந்ததில்லை. அன்றைக்கு நீ நல்லாகச் சாப்பிடுவாய், சண்டை பிடிப்பாய், படம் பார்ப்பாய். இதை ஒருவருமே சேர்த்துப் பார்க்கவில்லை.

புகையை இழுக்கிற விசிறியைப் பற்றி நீதான் எனக்குச் சொன்னாய். கடைக்கு மேலே குடியிருக்கிறவர்களுக்குச் சத்தமும் மணமும் பிடிக்கவில்லையாம். அதனால் பகலில் நிற்பாட்டி வைத்து, சாப்பிட ஆட்கள் வரத் தொடங்கினால் மட்டும் குறைந்த வேகத்தில் போடுவார்களாம். "அவைக்கு ஜப்பான் சாப்பாடு வேணும். ஆனா அது மணக்கக் கூடாது. மணக்கிறதெல்லாம் நாங்கள் மணந்து முடிக்கவேணும்" என்று சொல்லிச் சிரித்தாய். எங்கே முடிந்தது அந்தச் சிரிப்பு, அக்கா?

அன்றைக்கு வேலை முடிந்து கோப்பன்ஹேகனில் ரயில் ஏறினாய். இஷொயில் இறங்கவில்லை. கடைசி ஸ்ரேசன் வரை வண்டி உன்னைக் கொண்டுபோனது. யன்னலில் தலை சாய்த்தபடி இருந்தாயாம். வெறும் பெட்டிகளைச் சோதிக்க வந்தவர்தான் தோளைத் தொட்டாராம். அதுவரை எத்தனை பேர் உனக்கு எதிரே வந்து இருந்து, எழும்பிப் போயிருப்பார்கள்? இந்த நாட்டில் நித்திரை கொள்கிற ஒருவரைத் தொட்டு எழுப்புவது மரியாதையில்லை. மிகவும் மரியாதையாக உன்னைச் சாகவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது உன்னில் மூச்சு இருந்தது. பிறகு இதயம் நின்றுவிட்டது. ஒரு பெண் டாக்குத்தர் எங்களைத் தனி அறையில் இருத்தி, "ஆரோக்கியமான இளம் பெண். ஏன் இப்படி நடந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. உடலைத் திறந்து பார்க்க உங்கள் சம்மதம் வேண்டும்" என்றார். நான்தான் அப்பாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. நேரே டாக்குத்தரைப் பார்த்து, "நை" என்றார். இத்தனை வருடத்தில் அவர் டெனிஷில் இவ்வளவு உறுதியாக 'இல்லை' சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு எங்களிடம், "என்ர பிள்ளையை வெட்டிக் கொத்தித் தர நான் விடமாட்டன். வந்த மாதிரியே போகட்டும்" என்றார். பெரியப்பா தலையாட்டினார். "சரியான முடிவு. எங்கட முறையில அப்பிடிச் செய்யிறேல்லை."

உன் உடம்பில் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றினோம். உள்ளே இருந்த சாட்சியையும் சேர்த்து எரித்தோம்.

செத்தவீட்டுக்கு மாஸ் வந்தான், உன் முதலாளி. கறுப்புக் கோட்டு, வெள்ளைப் பூக்கள், அழுது சிவந்த கண். அப்பா எழும்பிப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து, பெரியப்பாவை ஒதுங்கச் சொல்லி, முதல் வரிசையில் இருத்தினார். பின்னால் இருந்த சனம் குசுகுசுத்ததை நீ கேட்டிருக்க வேண்டும். "முதலாளியே வந்திருக்கிறார் பாருங்கோ." "எங்கட பக்டரியில செத்தால் ஒரு ஈமெயில்தான் வரும்." "பிள்ளை அவ்வளவு நல்லா வேலை செய்திருக்குது." மாஸ் என்னிடம், "நாங்கள் கடையில் ஒரே குடும்பம் மாதிரி" என்றான். நான் அதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா அவனைக் கும்பிட்டார்.

அவன் கெட்டவன் இல்லை, அக்கா. அதுதான் எனக்குப் பயம். கெட்டவன் என்றால் இவர்களே விலகி நின்றிருப்பார்கள்.

இலையுதிர் காலம் தொடங்கியபோது அவன் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டான். உன் நினைவாக. ஒரு வெள்ளிக்கிழமை போனோம். அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா உன்னுடைய சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார்.

நிலத்துக்குக் கீழே இறங்கிப் போகிற கடை என்று நீ சொல்லியிருந்தாய். இவ்வளவு பள்ளத்தில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. யன்னலால் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகள்தான் தெரிகின்றன. ஒவ்வொரு மேசையின் நடுவிலும் ஒரு இரும்புக் கல், அதற்கு மேலே கவிழ்த்துவைத்த அண்டா மாதிரி ஒரு புகைக்கூடு. வாசலில் 'ஜப்பானியப் பாரம்பரிய உணவு' என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஒரு ஜப்பான்காரர் இல்லை. வெட்டுகிறது தமிழ், கழுவுகிறது நேபாளம், கல்லாவில் டென்மார்க்.

அப்பா கல்லைப் பார்த்துச் சந்தோசப்பட்டார். "இது எங்கட கொத்துரொட்டிக் கல்லெல்லோ!"

"மெதுவாக் கதையுங்கோ" என்றார் அம்மா.

மாஸ் தானே மேசைக்கு வந்து சமைத்தான். உன் வேலையை அவன் கையில் அப்போதுதான் பார்த்தேன். மாவில் குவியலாகக் கோவா, அதற்குள் முட்டை, துருவிய கிழங்கு. கல்லில் ஊற்றித் தடிப்பாகத் தட்டினான். சீறியது. இரண்டு தகட்டுக் கரண்டியால் ஒரே புரட்டாகப் புரட்டினான். மண்ணிறச் சோஸைத் தூரிகையால் பூசினான். ஒகொனொமியாகி என்று அவன் வாய் நிறையச் சொன்னான். நீ வீட்டில் அதைக் கோவாரொட்டி என்றுதான் சொல்வாய். கடைசியாக ஒரு கிண்ணத்திலிருந்து மெல்லிய சீவல்களைத் தூவினான். அவை சூட்டில் நெளியத் தொடங்கின. சுருண்டு, நிமிர்ந்து, மூச்சு முட்டுகிற மாதிரி.

"பாருங்கள், உயிரோடு இருக்கிறது!" என்று சிரித்தான்.

அம்மா கையை இழுத்துக்கொண்டார். "என்னடா தம்பி அது?"

"மாசி அம்மா. எங்கட மாசிக் கருவாடுதான். சீவிப் போடுறாங்கள்."

"ஐயோ, இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ?"

"சொல்லட்டோ? வேற செய்து தருவான்."

"சீ, வாயை மூடு. மனுசன் எவ்வளவு ஆசையாச் செய்யுது."

சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை விரதம் ஒருநாளும் விடாத அம்மா, ஒரு முதலாளியின் முகம் வாடக்கூடாது என்று கருவாட்டை விழுங்கினார். அந்த இடத்திலேயே எனக்கு மிச்சக் கதையும் தெரிந்துவிட்டது.

புகை மேலே போகவில்லை. எங்கள் முகத்துக்கு நேரே படுத்துக் கிடந்தது. அப்பாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். நான் மேசையிலிருந்த கடதாசித் துவாயில் ஒன்றை எடுத்துப் புகைக்கூட்டின் வாயில் பிடித்தேன். விசிறி இழுத்தால் கடதாசி அதில் ஒட்டிக்கொள்ள வேண்டும். கையை விட்டேன். அது மெதுவாக ஆடி ஆடிக் கீழே வந்து கல்லில் விழுந்து, ஓரம் சுருண்டு கறுத்தது.

"என்ன விளையாட்டு இது? எடடா அதை" என்றார் அப்பா.

நான் மாஸைப் பார்த்து டெனிஷில் கேட்டேன். அவன் சங்கடப்படவே இல்லை. குரலைத் தாழ்த்தி, "குறைத்து வைத்திருக்கிறோம். மேலே ஒரு கைக்குழந்தை இருக்கிறது. நல்ல அயலவராக இருக்க வேண்டும், இல்லையா?" என்றான். மேலே ஒரு பிள்ளை நித்திரை கொள்ள வேண்டும். அதற்காகக் கீழே எங்கள் பிள்ளை. ஆனால் ஒரு கைக்குழந்தையை எதிர்த்து மேசையில் இருந்து என்ன பேசுவது? அப்பா என் கணுக்காலில் சப்பாத்தால் தட்டினார்.

அம்மா நீ நின்ற இடத்தைப் பார்க்கவேண்டும் என்றார். மாஸ் எங்களைப் பின்பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனான். இன்னும் கொஞ்சம் இறக்கம். யன்னல் இல்லை. பெரிய காஸ் கல், அதன் கீழே நெருப்பு நீலமாக இல்லை, மஞ்சளாக எரிந்தது. சுவரில் கரி. அம்மா விரலால் சுவரைத் தொட்டுப் பார்த்து, கறுத்த விரல் நுனியைச் சால்வையில் துடைத்தார். ஆணியில் உன் ஏப்ரன் தொங்கியது, உன் பெயர்த் தகடு குத்தியபடி.

"எடுக்க மனம் வரவில்லை" என்றான் மாஸ். உண்மையாகவே அவன் குரல் உடைந்தது.

அம்மா அதை எடுத்தார். முகத்தில் வைத்தார். பிறகு, அக்கா, நான் தடுக்க முந்தி, கழுத்தில் மாட்டிப் பின்னால் முடிச்சுப் போட்டார்.

"வேலைக்கு ஆள் எடுத்திட்டினமோ எண்டு கேள், தம்பி" என்றார் அப்பா. நான் கேட்கவில்லை. அப்பா தன்னுடைய உடைந்த டெனிஷில் தானே கேட்டார். நிரந்தரமாக இன்னும் ஒருவரும் இல்லை என்றான் மாஸ். பிறகு என்னைப் பார்த்து, "அவளின்ர இடம். வெளியாளுக்குப் போகக்கூடாது" என்றார்.

இது எங்கள் வழக்கம். அப்பாவுக்குப் பக்டரியில் இடம் பெரியப்பாவால் வந்தது. பெரியப்பாவுக்கு அவருடைய மச்சானால். ஒருவர் எழும்ப முந்தியே அடுத்தவரின் பெயர் முதலாளியின் காதில் விழுந்திருக்கும். அப்படித்தான் இந்த நாட்டில் நாங்கள் நிமிர்ந்தோம், அதைப் பழிக்கவில்லை. ஆனால் இதை வாசிக்கிறவர்களைக் கேட்கிறேன். அந்த நாற்காலியில் இருந்தவர் ஏன் எழும்பவில்லை என்று உங்களில் ஒருவராவது எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

அம்மா இப்போது உன்னுடைய ரயிலில் போகிறார். உன் கத்தியால் கோவா வெட்டுகிறார். குளிர் தொடங்கிப் பின்கதவையும் பூட்டிவைக்கத் தொடங்கியபிறகு, வேலையால் வந்து குசினி மேசையில், நீ இருக்கும் கதிரையில், தலையில் கையை ஊன்றிக்கொண்டு இருக்கிறார். தொப்பியைக் கழற்றுவதில்லை. "என்னம்மா?" என்றால், "ஒண்டுமில்லை. தலை கொஞ்சம் கனக்குது." ஞாயிற்றுக்கிழமை கனக்காது. ஞாயிற்றுக்கிழமை புட்டு அவிப்பார், ஊருக்கு ஃபோன் எடுப்பார்.

இரும்புக்கடையில் ஒரு சின்ன அலாரம் வாங்கினேன். எரிகிற காஸிலிருந்து வருகிற காபன் மொனொக்சைட்டைக் கண்டுபிடிக்கிறது. அந்த நஞ்சுக்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடியும் மயக்கமும்தான் அதன் அடையாளம். நல்ல காற்றுக்கு வந்தால் இரத்தத்திலும் அதிக நேரம் நிற்காதாம். அது கெடுத்துவிட்டுப் போன இதயத்தைத் திறந்து பார்த்தால்தான் தடயம் தெரியுமாம். வாசித்தபோது உன் முகம்தான் வந்தது. அம்மாவிடம் கொடுத்து, "உங்கட மேசைக்குப் பக்கத்தில வையுங்கோ, ஒண்டும் செய்யவேண்டாம்" என்றேன். "ஓம்" என்றார். அம்மாவின் 'ஓம்' உனக்குத் தெரியும்தானே.

நேற்று, சனிக்கிழமை, பின்னேரம் வந்தார். கதிரையில் இருந்தார். கேட்டேன்.

"அந்தப் பெட்டி ஏதும் சத்தம் போட்டதோ அம்மா?"

"அதுவோ? சனியன். மத்தியானம் கீ கீ எண்டு கத்தத் துவங்கினதுதான், நிக்குதேயில்லை. மேசையெல்லாம் சனம். மாஸ் ஓடி வாறான். எனக்கு வெக்கமாப் போச்சு."

"பிறகு?"

"பிறகென்ன, பற்றரியைக் கழட்டிப்போட்டன்."

"அம்மா, அது எதுக்குக் கத்தினது எண்டு தெரியுமோ?"

"பழுது போல கிடக்கு. வாங்கின பில் துண்டு வைச்சிருக்கிறியோ? கொண்டுபோய் மாத்து."

"மாஸ் என்ன சொன்னவன்?"

"சிரிச்சவன். மேல கையைக் காட்டி, பிள்ளை எழும்பப்போகுது எண்டவன்."

உனக்காக இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் வாய் திறந்து கத்தியது, அக்கா. ஒரு பிளாஸ்ரிக் பெட்டி. அதன் வாயையும் எங்கள் அம்மாவே அடைத்தார். சனம் சாப்பிடுகிற நேரமாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். விசிறி, மஞ்சள் நெருப்பு, உன் தலையிடி, ஞாயிற்றுக்கிழமை. கத்திச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் அதில நிண்டால் அவளோட நிக்கிற மாதிரிக் கிடக்கடா. அதையும் ஏன் பறிக்கிறாய்?" என்றார். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? கதவை உதைத்திருப்பாய்.

வேலைத்தளங்களைச் சோதிக்கிற அலுவலகத்துக்கு எழுதப்போகிறேன் என்றேன். அப்பா அப்போதுதான் வாய் திறந்தார். "சாவீட்டுக்கு வந்த மனுசனை அழிச்சுப்போடாதை. உன்னட்டை என்ன அத்தாட்சி கிடக்கு?"

என்னிடம் இல்லைதான். அது எங்கே போனது என்று அப்பாவுக்கும் தெரியும். அதனால்தான் ஒத்துக்கொள்ள மறுக்கிறார். விசிறிதான் கொன்றது என்று ஒருமுறை சொல்லிவிட்டால், ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லோடு மிச்சக் காலம் முழுக்க அவர் இருக்கவேண்டும். அதைவிட அம்மாவை அந்தக் கிடங்குக்கு அனுப்புவது அவருக்குச் சுலபமாக இருக்கிறது. கொடூரமாக எழுதுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். மலரில் சிரித்த முகத்தைப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கீழே இறக்குவதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

இன்றைக்கு ஞாயிறு. நாலு மணிக்கே இருட்டிவிட்டது. அம்மாவுக்குத் தலையிடி இல்லை. முன் அறையில் நின்று ஏப்ரனுக்கு அயன் போடுகிறார். உன் பெயர்த் தகட்டை இன்னும் கழற்றவில்லை. அயன் போட அதைக் கழற்றி மேசையில் வைத்து, போட்டு முடிய அதே ஓட்டையில் திரும்பக் குத்துகிறார். நாளைக்கு வேலை. அப்பா சோபாவில் இருந்து ஊர்ச் செய்தி பார்க்கிறார். நான் அவர்கள் இருவருக்கும் நடுவில், குசினி வாசலில் இருந்து இதை எழுதுகிறேன்.

உனக்கு ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். அலாரத்தில் புதுப் பற்றரி போட்டுவிட்டேன். முறைப்பாட்டை எழுதி முடித்துவிட்டேன், விடிந்ததும் போகும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒருவரும் என்னோடு கதைக்காவிட்டாலும், கோயிலில் சனம் முகத்தைத் திருப்பினாலும் நான் அதைத் திரும்ப எடுக்கமாட்டேன். அம்மா சப்பாத்துப் போட வரும்போது நான் வாசலில் நிற்பேன். ஆனால் என்னைத் தள்ளிக்கொண்டு போக அம்மாவால் முடியும். உனக்கும் தெரியும், அம்மா அப்பாவின் சொல்லைத் தவிர வேறு எவர் சொல்லுக்கும் நின்றதில்லை.

அதனால் சற்று முந்தி எழும்பிப் போய், தொலைக்காட்சிக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்றேன்.

"அப்பா, அண்டைக்கு டாக்குத்தருக்கு 'நை' எண்டு சொன்னீங்கள். அதே வாயால இண்டைக்கு அம்மாவுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ. போகாதை எண்டு சொல்லுங்கோ."

அம்மாவின் அயன் நின்றது. அம்மாவும் காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா என்னைச் சுற்றித் தலையை நீட்டிச் செய்தியைப் பார்த்தார். றிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். அயன் திரும்பவும் துணியில் இறங்கிச் சீறியது.

"சொல்லுங்கோ, அப்பா."

உனக்குப் பின்னால் பிறந்த,
உன்ர தம்பி நிரோசன்